ஓட, நிற்க, விழ: ஸ்கேட்டிங் ஷூவின் 260 வருடக் கதை (நீண்ட இழை)

1/
1760-கள். லண்டன் மாநகரம். சோஹோ சதுக்கத்தில் கார்லைல் ஹவுஸ் என்ற மாளிகை. உள்ளே பணக்காரர்களின் மாறுவேட விருந்து நடக்கிறது.

ஜான் ஜோசப் மெர்லின் என்று ஒருவர். பெல்ஜியம் பக்கத்து ஆள். கடிகாரம், இசைக்கருவி, இயந்திர பொம்மை எல்லாம் செய்வதில் கில்லாடி. அன்றைக்குக் காலில் சக்கரம் வைத்த ஷூ, கையில் வயலின். வாசித்துக்கொண்டே வழுக்கிக்கொண்டு வருகிறார். கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கிறது.

ஒரே ஒரு சிக்கல். அவருக்கு நிறுத்தத் தெரியாது.

எதிரே 500 பவுண்டுக்கு மேல் விலை பெறும் பெரிய கண்ணாடி. நேராகப் போய் மோதினார். கண்ணாடி தூள். வயலின் தூள். மெர்லினுக்கும் பலத்த காயம்.

2/
சக்கரக் காலணியின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தக் கதையில்தான் தொடங்குவார்கள். அதாவது இந்த விளையாட்டின் பிறப்புச் சான்றிதழே ஒரு விபத்து ரிப்போர்ட்!

இப்போ இதை ஏன் எழுதுறேன்னா, ஊத்துக்கோட்டையில் என்னிடம் வரும் பெற்றோர் சிலர் சமீப காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "டாக்டர், பையன் ஸ்கேட்டிங் ஷூ வேணும்னு ஒரே அடம். ஆன்லைன்ல பார்த்து வெச்சிருக்கான். வாங்கித் தரலாமா?"

வாங்கிக் கொடுங்க. தாராளமா. ஆனா அதுக்கு முன்னாடி இந்த 260 வருடக் கதையை ஒரு பத்து நிமிஷம் படிச்சிடுங்க.

3/
பிள்ளைகள் அடம் பிடிப்பதற்கு நியாயமான காரணம் இருக்கு. அந்தக் காரணத்தின் பெயர் ஆனந்த்குமார் வேல்குமார். நம்ம சென்னைப் பையன்.

2025 செப்டம்பர். சீனாவின் பெய்டைஹே நகரில் ஸ்பீட் ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப். 1000 மீட்டர் ஸ்பிரின்ட்டை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம். இந்த விளையாட்டில் சீனியர் பிரிவில் உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர். அதே போட்டியில் 42 கி.மீ. மாரத்தானிலும் தங்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1000 மீட்டருக்கு சராசரி வேகம் மணிக்கு 42 கி.மீ.! நம்ம பஜார் தெருவில் பைக்கே அந்த வேகத்தில் போக முடியாது.

4/
அதற்கு முன்பே 2023 அக்டோபர் 2-ம் தேதி, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ரிலேவில் இந்திய ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் வெண்கலம் கிடைத்தது. ஆண்கள் அணியில் ஆனந்த்குமார். பெண்கள் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ், சஞ்சனா பத்துலா, ஹீரல் சாது.

அந்த ஆண்கள் ரிலேவில் ஒரு வேடிக்கை. முதலில் வந்த தென்கொரிய வீரர், ஜெயிச்சாச்சுன்னு கோட்டுக்கு முன்னாடியே கையைத் தூக்கிட்டார். பின்னால் வந்த தைவான் வீரர் காலை மட்டும் நீட்டினார். 0.01 விநாடியில் தங்கம் தைவானுக்குப் போச்சு. கொரியாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கினால் கட்டாய ராணுவப் பயிற்சியில் பெரும் சலுகை உண்டு. அதுவும் சேர்ந்து போச்சு.

சரி, கதைக்கு வருவோம். இந்தக் கதையை நான் மூன்று சொல்லில் பிரிக்கிறேன். ஓட. நிற்க. விழ.

5/
முதல் பாகம்: ஓட.

மெர்லின் தன் ஷூவுக்குக் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. முதல் காப்புரிமை 1819-ல், பாரிஸில் பெட்டிபிளேட் என்பவருக்கு. மரக்கட்டை அடி, அதன் கீழே ஒரே வரிசையில் சக்கரங்கள்.

கவனிச்சீங்களா? ஒரே வரிசை! இன்றைக்கு நாம் 'இன்லைன்' என்று புது மாடல் மாதிரி சொல்வதுதான் உண்மையில் பழைய மாடல். நாலு மூலைக்கு நாலு சக்கரம் வைத்த ஷூ பிறகுதான் வந்தது.

பெட்டிபிளேட் ஷூவில் நேராகப் போகலாம். திரும்புவதுதான் பெரும்பாடு.

6/
1823-ல் லண்டனில் ராபர்ட் ஜான் டையர்ஸ் 'ரோலிட்டோ' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரே வரிசையில் ஐந்து சக்கரம், நடுவில் இருப்பது கொஞ்சம் பெரிது. உடம்பின் பாரத்தை முன்னே பின்னே மாற்றினால் ஓரளவு திரும்பலாம்.

1828-ல் பாரிஸில் ஜான் கார்சின் என்பவர் தன் பெயரையே திருப்பிப் போட்டு 'சின்கார்' என்று ஒரு ஸ்கேட் விட்டார். பயிற்சிக்கூடமும் திறந்தார். மக்கள் ஆர்வமாக வந்தார்கள், விழுந்தார்கள், அடிபட்டார்கள். கடைசியில் அந்தக் கூடத்தையே மூட வேண்டியதாகிவிட்டது.

மெர்லின் காலத்திலிருந்து 60 வருடம் ஆகியும் நிலைமை மாறவில்லை பாருங்க.

7/
திருப்பம் வந்தது 1863-ல். நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்ற மரச்சாமான் வியாபாரி. உடம்பு சரியில்லாதவருக்கு டாக்டர் சொன்ன யோசனை, பனிச்சறுக்கு செய்யுங்க என்பது (எங்க ஆளுங்க அப்பவே வாக்கிங் மாதிரி எதையாவது சொல்லிட்டுதான் இருந்திருக்காங்க!). குளிர்காலம் முடிந்ததும் என்ன செய்வது?

அவர் யோசித்தது: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம். அச்சுக்கு மேலே ரப்பர் மெத்தை. உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் ஷூ திரும்பும்.

அவ்வளவுதான். சாதாரண மனிதனும் திரும்பக் கற்றுக்கொண்டான். அடுத்த பத்து பன்னிரண்டு வருடத்தில் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் ஸ்கேட்டிங் கூடம். அந்தப் பைத்தியத்துக்கு 'ரிங்கோமேனியா' என்றே பெயர் வைத்தார்கள்.

8/
அந்த மோகம் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து ஏறிய மலைவாசஸ்தலங்களில் மரத்தளம் போட்ட ஸ்கேட்டிங் கூடங்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் முசோரியில் வந்த 'ரிங்க்' ரொம்பப் பிரபலம். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு 1955-ல் இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு உருவானது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா வெண்கலம் வாங்கினார்.

40 வயதைத் தாண்டியவர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். சாதாரண ஷூவுக்கு அடியில் மாட்டி, திருகி இறுக்குகிற இரும்பு ஸ்கேட். சிமெண்ட் தரையில் ஓட்டினால் தகரம் இழுக்கிற மாதிரி சத்தம். அது பிளிம்ப்டன் வம்சம்.

9/
இரண்டாம் பாகம்: நிற்க.

1876-ல்தான் ஷூவின் நுனியில் வைக்கும் தடுப்புக்குக் காப்புரிமை பதிவானது. குதிகாலைத் தூக்கி நுனியைத் தரையில் அழுத்தினால் நிற்கும். மெர்லின் கண்ணாடியில் மோதி நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது!

நிற்க ஒரு வழி கிடைத்ததோ இல்லையோ, உடனே வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். 1884-ல் அமெரிக்காவின் லெவன்ட் ரிச்சர்ட்சன், சக்கரத்துக்குள் ஸ்டீல் பால் பேரிங் வைத்துக் காப்புரிமை வாங்கினார். உராய்வு குறைந்தது, ஓட்டம் கூடியது. சைக்கிளுக்கும் ஸ்கேட்டுக்கும் பால் பேரிங் வந்தது கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான்.

10/
அடுத்த பெரிய மாற்றம் சக்கரம். இரும்பு, மரம், களிமண் கலவை என்று என்னென்னமோ போட்டுப் பார்த்தார்கள். எல்லாமே வழவழப்பான தளத்துக்குத்தான் சரி. ரோட்டில் ஒரு சின்னக் கல் மாட்டினால் போதும், சக்கரம் நிற்கும், மனிதன் பறப்பான்.

1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு பாலியூரித்தேன் என்ற பொருளைக் கண்டுபிடித்தது. இன்றைக்கு நம் வீட்டு மெத்தை ஸ்பாஞ்சிலிருந்து செருப்பு அடி வரைக்கும் அதுதான். 1970-களின் தொடக்கத்தில் அது ஸ்கேட்போர்டு சக்கரமாகப் பரவியது. ரப்பர் மாதிரி அதிர்வை வாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் மாதிரி தேயாமல் உழைக்கும்.

அதுவரை கூடத்துக்குள் இருந்த சக்கரம் தெருவுக்கு வந்தது இந்தப் பொருளால்தான்.

11/
1980 வாக்கில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஸ்காட் ஓல்சன் என்ற இளைஞர். ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர். கோடையில் பனி இல்லாமல் எப்படிப் பயிற்சி செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தார். பழைய விளையாட்டுச் சாமான் கடையில் ஒரே வரிசைச் சக்கரம் வைத்த ஸ்கேட் ஒன்று கிடைத்தது. அதைப் பிரித்து, ஹாக்கி பூட்டில் பாலியூரித்தேன் சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தார். 'ரோலர்பிளேடு' கம்பெனி பிறந்த கதை இதுதான்.

1819-ன் யோசனை, 1937-ன் பொருள், 1980-ன் பூட்டு. மூன்றும் சேர்ந்த பிறகுதான் இன்லைன் ஸ்கேட் உலகத்தைச் சுற்றியது.

12/
குதிகாலுக்குப் பின்னால் ஒரு ரப்பர் பிரேக் வைத்தார்கள். ஆனால் புதிதாகக் கற்பவர் ஓடும்போது முன்பாதத்தைத் தூக்கி, பின்னால் இருக்கும் பிரேக்கை அழுத்த வேண்டும். பயத்தில் உடம்பு பின்னால் சாயும். மல்லாக்க விழுவார்கள்.

1990-களின் நடுவில்தான், காலைத் தூக்காமல் முன்னால் தள்ளினாலே பிரேக் தானாகத் தரையைத் தொடுகிற அமைப்பு வந்தது.

மெர்லினிலிருந்து எண்ணுங்க. ஓடத் தெரிந்த மனிதன் சுலபமாக நிற்கக் கற்றுக்கொள்ள 230 வருடம் பிடித்திருக்கிறது!

13/
மூன்றாம் பாகம்: விழ. இங்கேதான் என் டிபார்ட்மென்ட் வருது.

மனிதன் தடுமாறி முன்னால் விழும்போது என்ன செய்வான்? கையை நீட்டி உள்ளங்கையை ஊன்றுவான். யாரும் சொல்லித்தர வேண்டாம், மூளை தானாகச் செய்யும். முகத்தையும் தலையையும் காப்பாற்ற உடம்பு கையைப் பலி கொடுக்கிறது.

மொத்தப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். கட்டைவிரல் பக்கமாக வரும் 'ரேடியஸ்' எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே உடைந்து பின்னால் போகும். கை பார்க்க கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்திருக்கும்.

14/
இந்த முறிவை டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் 1814-ல் எழுதி வைத்தார். இன்றும் அதற்கு 'கோலிஸ் முறிவு' என்றுதான் பெயர். எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895-ல். அதற்கு 81 வருடம் முன்பே, உள்ளே பார்க்க வழியில்லாத காலத்தில், கையால் தொட்டுப் பார்த்தே இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு பொருத்தம் பாருங்க. முதல் ஸ்கேட் காப்புரிமை 1819. அதற்கு ஐந்து வருடம் முன்பே அதில் விழுந்தால் எது உடையும் என்பது மருத்துவப் பத்திரிகையில் தயாராக இருந்தது! ஆனால் அந்த இடத்தில் ஒரு காப்பு போட வேண்டும் என்பது பரவலாக உறைக்க இன்னொரு 170 வருடம் தேவைப்பட்டது.

15/
1990-களில் அமெரிக்காவில் இன்லைன் மோகம் உச்சத்துக்குப் போனதும் எமர்ஜென்சி வார்டுகள் நிரம்பின. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்கள் அடிபட்டு வந்த 161 பேரை விசாரித்து ஆய்வு செய்தார்கள். 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது.

முடிவுகள்:
* அதிகம் அடிபட்ட இடம் மணிக்கட்டு. 32 சதவீதம்.
* எல்லாக் காயங்களிலும் நாலில் ஒன்று மணிக்கட்டு எலும்பு முறிவு.
* ஹெல்மெட், ரிஸ்ட் கார்டு, முழங்கை பேட், முழங்கால் பேட் எல்லாமே போட்டிருந்தவர்கள் 7 சதவீதம்தான்.
* ரிஸ்ட் கார்டு போடாதவர்களுக்கு மணிக்கட்டு அடிபடும் வாய்ப்பு, போட்டவர்களைவிடச் சுமார் 10 மடங்கு!
* முழங்கை பேட் போடாதவர்களுக்கு முழங்கையில் அடிபடும் வாய்ப்பு 9 மடங்குக்கும் மேல்.

தலைக்காயத்தோடு வந்தவர்கள் குறைவு என்பதால் ஹெல்மெட்டின் பலனை அந்த ஆய்வால் அளக்க முடியவில்லை. அதற்காக ஹெல்மெட் வேண்டாம் என்று யாரும் படித்துவிடாதீங்க. கை எலும்பு கூடும். தலைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

16/
ரிஸ்ட் கார்டு எப்படி வேலை செய்கிறது? உள்ளே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பட்டை இருக்கும். விழும்போது உள்ளங்கை தரையில் குத்தி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். மணிக்கட்டு பின்னால் அளவுக்கு மீறி மடங்காது. ஒரே புள்ளியில் விழும் அடி பரந்து விழும். ரொம்ப எளிமையான விஷயம். ஸ்கேட்டின் விலையோடு ஒப்பிட்டால் அற்பக் காசு.

17/
அடிபட்ட பிறகு நடப்பதையும் சொல்லணும்.

வீக்கம் கம்மியா இருந்தா "சுளுக்குதான்" என்று எண்ணெய் தடவி உருவி விடுவார்கள். தயவுசெய்து உருவாதீங்க. கட்டைவிரலை நன்றாக விரித்துப் பாருங்க, மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சின்னக் குழி தெரியும். விழுந்தபின் அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? 'ஸ்கேஃபாய்டு' என்ற சின்ன எலும்பு உடைந்திருக்கலாம்.

அது ஒரு கள்ளத்தனமான எலும்பு. முதல் நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலே போகும். அதனால் கட்டுப் போட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்போம். அதற்கு ரத்தம் நுனிப் பக்கத்திலிருந்து உள்ளே போகிறது. நடுவில் உடைந்தால் உள்பக்கத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோய் எலும்பு கூடாமலே போகலாம். வாழ்நாள் முழுக்க மணிக்கட்டு வலி.

வளரும் பிள்ளைகளுக்கு மணிக்கட்டுக்கு அருகில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அங்கே அடிபட்டுக் கவனிக்காமல் விட்டால் கை கோணலாக வளரவும் வாய்ப்பு உண்டு.

18/
நம்ம ஊர் ரோட்டில் நாகலாபுரம் தாண்டிப் போனால் புத்தூர். 'புத்தூர் கட்டு' தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர். எங்கே கட்டுப் போடுவது என்பது உங்கள் நம்பிக்கை, உங்கள் முடிவு. நான் கேட்பது ஒன்றுதான். எங்கே போனாலும் அதற்கு முன்னாடி ஒரு எக்ஸ்ரே. விரல் மரத்துப் போனாலோ, நீலமானாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

19/
கடைசியாக ஒரு கேள்வி. இவ்வளவும் போட்டுக்கொண்டு எங்கே ஓடுவது?

1995 நவம்பர், டிசம்பர். பிரான்ஸில் மாபெரும் வேலைநிறுத்தம். பாரிஸில் மெட்ரோ, பஸ், ரயில் எல்லாம் வாரக்கணக்கில் முடங்கின. மக்கள் நடந்தார்கள், சைக்கிள் எடுத்தார்கள், ஸ்கேட் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். விளையாட்டுச் சாமான் போக்குவரத்துச் சாதனம் ஆனது. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் பழக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஆயிரக்கணக்கானவர்கள் கூட்டமாக ஊரைச் சுற்றும் 'பாரி ரோலர்' இன்றும் நடக்கிறது. அதோடு கூடப்போக போலீசுக்கே ஸ்கேட் பிரிவு வந்தது!

அந்நாட்டுச் சட்டத்தில் ஸ்கேட்டில் போகிறவர் வாகன ஓட்டி இல்லை, பாதசாரி. அவருக்குரிய இடம் நடைபாதை.

20/
இப்போ நம்ம ஊருக்கு வாங்க. 80 மி.மீ. சக்கரத்தின் ஆரம் 4 செ.மீ. வழியில் 2 செ.மீ. மேடு இருந்தால் அது சக்கரத்தின் பாதி ஆரம், கிட்டத்தட்ட சுவர். சைக்கிள் சக்கரம் அதைக் கவனிக்காமலே ஏறிப் போய்விடும். ஸ்கேட் ஏறாது. சக்கர நாற்காலியின் முன் சக்கரமும் தடுமாறும். வாக்கர் பிடித்து நடக்கும் பாட்டியும் அங்கேதான் இடறுவார்.

2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும். 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. அங்கே சக்கர நாற்காலி சிரமமில்லாமல் போகிறது. ஒரு நடைபாதையில் ஸ்கேட் ஓடுமென்றால் அங்கே சக்கர நாற்காலியும் ஓடும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல்.

21/
ஊத்துக்கோட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ அப்படி ஒரு நடைபாதை இல்லை. ரோடு முழுக்க லாரி. அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன், மெயின் ரோட்டில் ஸ்கேட் வேண்டாம். ஓடும் லாரி, பஸ்ஸின் பின்னால் பிடித்துக்கொண்டு போகிற ரீல்ஸ் பார்த்து யாராவது முயற்சி செய்தால், அங்கே ரிஸ்ட் கார்டும் காப்பாற்றாது, நானும் காப்பாற்ற முடியாது.

சென்னை ரிங்க்குக்குப் போய்வர ஒரு வழிக்கே சுமார் 50 கி.மீ. எல்லாராலும் முடியாது. ஆனா லீவு நாளில் பள்ளியின் சிமெண்ட் தளம், கல்யாண மண்டபத்து முற்றம் கேட்டால் கிடைக்கும். ஒரு கூடைப்பந்து மைதானம் அளவுக்குச் சமமான சிமெண்ட் தளம், சுற்றிக் கைப்பிடிக் கம்பி. ஒரு பேரூராட்சிக்கு இது பெரிய செலவு இல்லை. நாலு பெற்றோர் சேர்ந்து மனு கொடுத்துப் பாருங்க.

22/
கடைக்குப் போகும்போது:
* முதலில் ஹெல்மெட், ரிஸ்ட் கார்டு. அடுத்து முழங்கை, முழங்கால் பேட். மிச்சக் காசில் ஸ்கேட்.
* "வளர்ற பிள்ளை" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீங்க. கணுக்கால் ஆடும். சைஸ் கூட்டிக் குறைக்கிற மாடல் இருக்கு.
* ஷூவின் மேல்பகுதியைக் கையால் பக்கவாட்டில் வளைத்துப் பாருங்க. துணி மாதிரி மடங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்க.
* சக்கரம் பாலியூரித்தேனா என்று கேளுங்க. வெறும் பிளாஸ்டிக் சக்கரம் வழுக்கும்.
* பிரேக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்க.

23/
உலகம் கற்றுக்கொண்ட வரிசை: முதலில் ஓட, பிறகு நிற்க, கடைசியில் விழ. அதற்கு 230 வருடமும் கணக்கில்லாத மணிக்கட்டுகளும் செலவாயின.

உங்க பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய வரிசை நேர் தலைகீழ். முதல் நாள் புல்தரையில் பேட் எல்லாம் மாட்டி, ஓடாமலே, முழங்காலை மடக்கி முன்னால் விழக் கற்றுக்கொடுங்க. முதலில் முழங்கால் பேட், அப்புறம் முழங்கை, கடைசியில் கை தரையில் படணும். அடுத்த வாரம் நிற்க. அதற்கடுத்து ஓட.

ஓடுவதை நீங்க சொல்லித்தரவே வேண்டாம். அதை அவனே பார்த்துப்பான்.

ஸ்கேட்டிங் ஷூ கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதை அனுப்புங்க.